சாய்ந்த சுவரும் தக்தீரும்

கோபுரங்களினின்று இறங்கும் இரும்பு வடங்களே பாதையை ஏந்தி நிற்கும் பாலங்கள் இக்காலப் பொறியியலின் வியத்தகு படைப்புகள். நம் நாட்டில் ஹூக்ளி ஆற்றின்மீது 1992-இல் திறக்கப்பெற்ற வித்யாசாகர் சேது அவ்வகையினதே. அதன் இரு கோபுரங்களுக்கிடையே 457 மீட்டர் தூரம் ஒரு தூணும் இல்லை.

இத்தாலியின் ஜெனோவா நகரில், போல்செவேரா ஆற்றின்மீது 1967-இல் திறக்கப்பெற்ற பாலமும் வடங்களால் தாங்கப்பட்டதே. ஆயின் அவ்வடங்கள் கான்கிரீட்டுக்குள் பொதியப்பட்டிருந்தமையால், உள்ளே துருவேறினாலும் வெளியே புலப்படாது. அரிப்பின் அபாயத்தை, அதனை வடிவமைத்த மொராண்டியே 1979-இல் எழுதி எச்சரித்தார். 1990-களில் ஒரு கோபுரத்தின் வடங்களுக்கு வலுவூட்டினர்; மற்றொன்றை அவ்வாறு செய்யாது விட்டனர். விடப்பட்ட அக்கோபுரமே 2018 ஆகஸ்ட் 14 அன்று சரிந்தது. மாண்டோர் 43 பேர்.

இத்தகைய செய்தி கேட்டதும், "எல்லாம் தக்தீர்" என்கிறோம். அது பொய்யன்று, ஒவ்வோர் உயிருக்கும் தவணை உண்டென்பது நம் ஈமான். ஆயினும் சொல்பவர் யார் என்பதையும் நோக்க வேண்டும். மகனை இழந்த தாய் சொன்னால் அது ஸபுர். பழுதை அறிந்தும் வாளாவிருந்தவர் சொன்னால், அது தம் குற்றத்தை இறைவன்மீது ஏற்றுவதாகும்.

ஹனஃபீ ஃபிக்ஹு நூல்களில் 'சாய்ந்த சுவர்' என்றொரு மஸ்அலா உண்டு. ஒருவரது சுவர் பொதுவழிப் பக்கம் சாய்கிறது. அதை இடிக்குமாறு சாட்சிகள் முன்னிலையில் அவரிடம் கோருகின்றனர். இடிக்க அவகாசமிருந்தும் அவர் இடிக்கவில்லை. பின்னர் அது விழுந்து ஒருவர் இறந்தால், இழப்பீட்டுப் பொறுப்பு உண்டு. கோரிக்கைக்கு முன் விழுந்திருந்தால் அப்பொறுப்பு இல்லை. சுவர் சாய்ந்ததற்காகச் சட்டம் அவரைப் பிடிக்கவில்லை. அறிந்தபின் காலம் கடத்தியதற்காகவே பிடிக்கிறது. இறந்தவரின் அஜல் வந்துவிட்டதென்னும் வாதம் அங்கே செல்லாது.

இது பாலங்களோடு முடியும் செய்தியன்று. வங்கதேசத்தின் சவாரில், ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் கண்ட மறுநாளே ஆடைத் தொழிலாளர் வேலைக்கு அழைக்கப்பட்டனர். 2013 ஏப்ரல் 24 அன்று 1,100-க்கு மேற்பட்டோர் அதில் மடிந்தனர். பனியன் தொழிலால் வாழும் நம் திருப்பூருக்கு இது அயலார் கதையா? மூட்டைகளால் அடைபட்ட வாசல், இற்றுப்போன மின்கம்பி, சோதிக்கப்படாத பாய்லர் ஆகியவையும் சாய்ந்த சுவர்களே. அவற்றைச் சுட்டிக்காட்டும் தொழிலாளி அங்கே சாட்சியாகிறார். அவர் வாயடைக்கும் முதலாளி சாட்சியத்தை அழித்தவராகிவிட மாட்டார், அதைக் கேட்டவராகிவிடுகிறார்.

நம் பொறுப்பிலுள்ள சுவர்களைக் காணும் கண்ணையும், காலம் கடத்தாத கையையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக!