அவரவர் வீட்டுக்கு எதிரே உள்ள அலங்கம்



தியான வேதபகுதி: நெகேமியா 3-ஆம் அதிகாரம்.

அநேகர் இந்த அதிகாரத்தை வாசிக்காமலே தாண்டிவிடுவார்கள். வாயில் நுழையாத பெயர்கள். இன்னார் இந்தப் பங்கைக் கட்டினான், அவனுக்குப் பக்கத்தில் இன்னார் கட்டினான் என்று ஒரே பட்டியல். "இதிலே பிரசங்கம் பண்ண என்னய்யா இருக்கு?" என்று ஒரு சகோதரன் என்னிடம் கேட்டார். இருக்கிறது! இடிந்துகிடந்த எருசலேமின் அலங்கத்தை 52 நாளில் கட்டி முடித்தவர்கள் ஒரே ஜாதி வேலைக்காரர் அல்ல. ஆசாரியன் கட்டினான். தட்டான் கட்டினான். தைலம் செய்கிறவன் கட்டினான். பாதி எருசலேமுக்குப் பிரபுவாயிருந்த சல்லூம் தன் குமாரத்திகளையும் கூட்டிக்கொண்டு வந்து கட்டினான். கொத்தனார் வேலை தெரிந்தவர் எத்தனை பேரோ! ஆனாலும் கட்டினார்கள்.

எதற்காக? அடுத்த அதிகாரத்தில் நெகேமியா தன் ஜனத்துக்குச் சொல்லுகிறான்: உங்கள் குமாரருக்காகவும் குமாரத்திகளுக்காகவும் யுத்தம்பண்ணுங்கள் என்று. பிள்ளைகளுக்காகத்தான் அலங்கம்.

பிரியமானவர்களே, நம் ஊரில் பள்ளிக்கூடம் போகிற வயது வராத சின்னஞ்சிறுசுகளைச் சுற்றி ஒரு அலங்கம் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். நான் வீடு சந்திக்கப் போகும்போது காண்கிறதைச் சொல்லுகிறேன். அம்மா விடியற்காலையிலேயே களை எடுக்கவோ பருத்தி எடுக்கவோ காட்டுக்குப் போய்விடுகிறாள். அப்பா பிழைப்புக்காகத் திருப்பூரிலோ கேரளாவிலோ இருக்கிறார். மூன்று வயதுப் பிள்ளை திண்ணையில் தனியாய் விளையாடுகிறது. பார்த்துக்கொள்ள யார் என்று கேட்டால் "அக்கா இருக்கா" என்கிறார்கள். அந்த அக்காவுக்கு ஒன்பது வயது! தம்பியைப் பார்த்துக்கொள்ள அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம். ஒரு இடத்தில் அலங்கம் இடிந்தால் இரண்டு பிள்ளைகளுக்கு நஷ்டம்.

1980-களில் பெண் சிசுக்கொலைக்காக நாடே நம் உசிலம்பட்டிப் பகுதியைக் கைகாட்டிப் பேசியது. இன்று அந்தப் பிள்ளைகள் பிழைத்திருந்தால் மட்டும் போதுமா? அவர்கள் செழித்து வளர வேண்டாமா? குழந்தையின் மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொல்லுகிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் நினைக்கிறோம். அதற்குள் விதைப்புக் காலம் பெரும்பாலும் போய்விடுகிறது. ஆடி தப்பினால் என்ன ஆகும் என்று மானாவாரி விவசாயிக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

இந்த அதிகாரத்திலிருந்து மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

1. ஆசாரியன் முதலில் எழும்பினான்

பட்டியலில் முதல் பெயர் பிரதான ஆசாரியனாகிய எலியாசிப். "நான் ஜெபிக்கிறேன், நீங்கள் கல் சுமங்கள்" என்று அவன் சொல்லவில்லை. தன் சகோதரரோடு எழும்பி ஆட்டுவாசலைக் கட்டினான். போதகர்களே, மூப்பர்களே, இது நமக்கு. ஊரில் மதிப்பு உள்ளவன் முன்னே வந்து மண் சுமந்தால் மற்றவர்களுக்கு வெட்கம் வரும், பிறகு விருப்பம் வரும்.

நம் தமிழ்நாடு இதைக் கண்டிருக்கிறது. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்ப் பெரியவர்கள் மேடைக்கு வந்து, எங்கள் பள்ளிக்கு பெஞ்சு நான் தருகிறேன், கரும்பலகை நான் தருகிறேன், இடம் நான் எழுதித் தருகிறேன் என்று போட்டிபோட்டுக் கொடுத்தார்கள். கஜானாவில் பணம் குறைவு, ஆனாலும் பள்ளிகள் எழும்பின.

2. அவனவன் தன் வீட்டுக்கு எதிரே கட்டினான்

இந்த அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வருகிற காரியம் இது. எல்லாரும் எல்லாவற்றையும் கட்டவில்லை. தன் வீட்டு வாசலில் நின்றால் எந்த இடிபாடு கண்ணில் படுகிறதோ, அதை அவனவன் கட்டினான்.

1980-ஆம் ஆண்டு உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. எங்கே முதலில் தொடங்கினார்கள் தெரியுமா? நம் மதுரை மாவட்டத்தில், மேலூருக்கு அப்பாலுள்ள கொட்டாம்பட்டி வட்டாரத்தில்! ஒவ்வொரு ஊரிலும் வேலைக்கு வெளியூர் ஆளைத் தேடவில்லை. வறுமையிலும் தன் பிள்ளையைத் திடமாய் வளர்த்த அந்த ஊர்த் தாய்க்கே முன்னுரிமை கொடுத்தார்கள். அவள் மாதந்தோறும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எடை போடுவாள். எந்தப் பிள்ளைக்கு எடை ஏறவில்லையோ, அந்தப் பிள்ளைக்குக் குறைந்தது 90 நாள் தினமும் சத்துருண்டை. எடை ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். தாய்மாருக்கு என்ன கொடுக்க வேண்டும், எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஊர்ப் பெண்கள் குழுக்களாய்க் கூடினார்கள். கடுமையான ஊட்டக்குறைவு அந்தப் பகுதிகளில் நன்றாய்க் குறைந்தது. நூறு ஆட்டில் காணாமற்போன ஒன்றை மேய்ப்பன் எப்படிக் கண்டுபிடித்தான்? எண்ணிப் பார்த்தபடியால்தானே! எண்ணாதவனுக்கு ஒன்று குறைகிறது தெரியாது. எடை போடாத வீட்டுக்குப் பிள்ளை தேய்கிறது தெரியாது.

இன்றைக்கு நமக்கு என்ன இருக்கிறது? பால்வாடி இருக்கிறது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம், இன்று தமிழ்நாட்டில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மையங்களாய் நிற்கிறது. 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆரின் சத்துணவும் அந்தச் சிறுவர்களுக்குச் சேர்ந்தது. ஆனால் நம்மில் சிலர், "பால்வாடின்னா சோறு போடுற இடம்தானே" என்கிறோம். இல்லை. அங்கே பாட்டு உண்டு, கதை உண்டு, வண்ணம் உண்டு, எண்ணிக்கை உண்டு. விளையாட்டுப் போலத் தெரிகிற அதுதான் அந்த வயதுக்குப் படிப்பு. டீச்சரம்மாவும் ஆயாவும் எடை, சோறு, பதிவேடு, பாடம் எல்லாவற்றையும் இழுத்துச் சுமக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று கட்ட ஆள் வேண்டாமா?

3. கழுத்தை வளைக்காத பிரபுக்கள்

அதிகாரத்தில் ஒரு துக்கமான வசனமும் உண்டு. தெக்கோவா ஊர் ஜனங்கள் கட்டினார்கள். அவர்களுடைய பிரபுக்களோ வேலைக்குக் குனியவில்லை. ஏன்? யாரோ ஒருவனுக்குப் பக்கத்தில் நின்று கல் எடுக்க மனமில்லாமல் இருந்திருக்கலாம். கர்த்தர் அதையும் எழுதி வைத்திருக்கிறார்.

நம் பக்கத்து உத்தப்புரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். 1989 கலவரத்துக்குப் பிறகு அங்கே ஒரு சுவர் எழும்பி, ஒரு ஊரையே இரண்டாய்ப் பிரித்தது. 2008 மே 6-ஆம் தேதி அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டு வழி திறந்தது. 2011-ல் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒன்றாய் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினார்கள். பிள்ளைகளைக் காக்கிற சுவர் வேறு, பிள்ளைகளைப் பிரிக்கிற சுவர் வேறு. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் எந்தத் தெரு என்று தெரியாது. பெரியவன் சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும். "அந்தப் பால்வாடிக்கு எம்புள்ளைய அனுப்ப மாட்டேன், அங்கே யார் யாரோ வர்றாங்க" என்று சொல்லுகிற வாய், ஞாயிற்றுக்கிழமை அல்லேலூயா என்று எப்படிச் சொல்லும்? கண்டிப்பாய்ச் சொல்லுகிறேன், கோபப்படாதீர்கள்.

இன்னொரு கேள்வியும் வரும். "பாஸ்டர், வார்டு மெம்பர், கோயில் தர்மகர்த்தா, ஜமாத் பெரியவர் எல்லாரும் உட்காருகிற இடத்தில் நமக்கு என்ன வேலை?" பாபிலோனில் சிறைப்பட்டிருந்த ஜனத்துக்கே, நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று கர்த்தர் எரேமியா மூலம் எழுதி அனுப்பினார். பாபிலோனுக்கே அப்படியென்றால், நாம் பிறந்து வளர்ந்த எழுமலைக்கு எவ்வளவு அதிகமாய்! அங்கன்வாடி அளவிலும் ஒரு கண்காணிப்புக் குழு வேண்டும் என்று 2011-லேயே மத்திய அரசு சொல்லியிருக்கிறது. பெற்றோர் போய் உட்காராவிட்டால் குழு காகிதத்தில்தான் இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அங்கே கைப்பிரதி கொண்டு போகாதீர்கள். கைகழுவும் சோப்பு கொண்டு போங்கள். நம்முடைய சாட்சி அதுவே.

ஆகையால் நாம் செய்யவேண்டியது என்ன? சபையிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு முதல் ஐந்து வயதுள்ள பிள்ளையின் பெயர் பால்வாடிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். கைக்குழந்தை இருந்தால் மாதாமாதம் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மின்வேலை தெரிந்த சகோதரர் ஓடாத விசிறியைச் சரிசெய்து கொடுக்கட்டும். கொத்தனார் சகோதரர் வாசற்படியைப் பூசிக் கொடுக்கட்டும். பாட்டிமார்களே, உங்களுக்கும் பங்கு உண்டு. தீமோத்தேயுவின் விசுவாசம் எங்கே தொடங்கியது? லோவிசாள் பாட்டியிடம்! பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்லுங்கள், பேர் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு பொருளையும் காட்டுங்கள். கையில் செல்போனைக் கொடுத்து உட்கார வைக்காதீர்கள்; போன் பேசும், ஆனால் பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லாது. மூப்பர்களே, நீங்கள் வார்டு மெம்பரையும் தலைமையாசிரியரையும் நர்சம்மாவையும் நேரில் போய்ப் பாருங்கள். மற்ற ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் கூப்பிட்டால் முந்திக்கொண்டு போங்கள்.

எருசலேமின் அலங்கத்தில் ஒருவன் தன் பங்கை விட்டிருந்தால், மற்ற எல்லாரும் கட்டியது வீணாயிருக்கும். சத்துரு அந்த ஒரு திறப்பின் வழியாய் வந்திருப்பான். உங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிற பங்கு உங்களுடையது. அதை வேறு யாரும் கட்டப்போவதில்லை.

ஜெபிப்போம்: அன்புள்ள ஆண்டவரே, சிறுபிள்ளைகளை அணைத்து ஆசீர்வதித்த உமது கரம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்மேல் இருப்பதாக. எங்கள் பெருமையின் கழுத்தை வளைத்தருளும். பக்கத்தில் நிற்கிறவனோடு சேர்ந்து கட்டுகிற கிருபையைத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்.