பிலிப்பி ஆற்றங்கரையில் உட்கார்ந்த பவுல்

(காரைக்கால் பங்கு ஒன்றில் திருவிழா நவநாள் மாலையில் ஆற்றப்பட்ட அருளுரை. பேச்சு நடையிலேயே தரப்படுகிறது.)

அந்தத் தூணுக்குப் பின்னால் நிற்கிற தம்பிகளே, உள்ளே வாங்க. ஃபேன் இங்கேதான் சுத்துது. வெளியே நின்று பூசை காண்பது என்ன பழக்கம்? வாங்க, வாங்க. முன்வரிசை காலியாகத்தான் இருக்கிறது. நம் கோயில்களில் முன்வரிசை என்றைக்கு நிரம்பியிருக்கிறது?

நவநாளுக்குக் கேள்விப்பெட்டி வைத்தோம் அல்லவா? நேற்று திறந்தோம். ஒரு சீட்டில் இப்படி எழுதியிருந்தது: "ஃபாதர், கோயிலுக்கு வருகிற பெண்களோடு எப்படிப் பழகுவது?" (சிரிப்பு)

சிரிக்காதீங்க. பின்னால் இருக்கிறவர்கள் ரொம்பவே சிரிக்கிறீர்கள். இதை ஒரு வாலிபப் பையன் எழுதியிருக்கலாம். கல்யாணமாகி இந்த ஊருக்குப் புதிதாக வந்து, யாரையும் தெரியாமல் ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போகிற ஒரு மகளும் எழுதியிருக்கலாம். இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். இன்றைக்கு எடுத்து வைத்திருந்த தலைப்பு வேறு. அது நாளைக்கு.

திருத்தூதர் பணிகள் பதினாறு. பவுலடியார் துரோவாவில் இருக்கிறார். இரவில் காட்சி. மாசிதோனியா நாட்டு ஆண் ஒருவர் நின்றுகொண்டு, வந்து எங்களுக்கு உதவி செய்யும் என்று கெஞ்சுகிறார். யார் கூப்பிட்டது? ஆண். பவுல் உடனே கப்பல் ஏறுகிறார். கடல் தாண்டிப் பிலிப்பிக்கு வருகிறார். ஓய்வுநாள். ஊர் வாசலுக்கு வெளியே ஆற்றங்கரைக்குப் போகிறார். நம் அரசலாற்றங்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே யார் இருக்கிறார்கள்? காட்சியில் வந்தவரைக் காணோம். பெண்கள் கூடியிருக்கிறார்கள்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா? பெரியவரைக் கூப்பிடு" என்றிருப்போம். பவுல் என்ன செய்தார்? உட்கார்ந்தார். பேசினார். அவ்வளவுதான் வேதத்தில் இருக்கிறது. உட்கார்ந்து, கூடியிருந்த பெண்களோடு பேசினார்கள். தம்பி, சொல்லு, என்ன செய்தார்? ஆ, உட்கார்ந்தார். சத்தமாகச் சொல்லுங்கள். உட்கார்ந்தார்!

அங்கே லீதியா. பாருங்கள், அந்த அம்மாவைப் பற்றி நமக்கு என்னென்ன தெரிகிறது? பேர் லீதியா. சொந்த ஊர் தியத்திரா. பிழைக்க வந்த இடம் பிலிப்பி. அங்கே அவர் வெளியூர்க்காரர். தொழில், செந்நிறத் துணி வியாபாரம். கடவுளை வழிபடுகிறவர். பேர், ஊர், தொழில், பக்தி, நான்கும் இருக்கிறது. இதை எழுதிய லூக்காவுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது? உட்கார்ந்து பேசினதால் தெரிந்தது. அப்புறம் அந்த அம்மாவின் வீடுதான் பிலிப்பித் திருச்சபை கூடிய வீடு. பவுலும் அவரோடு போன சீலாவும் சிறையிலிருந்து வெளியே வந்ததும் நேரே எங்கே போனார்கள்? லீதியா வீட்டுக்கு. பிற்பாடு பவுல் தெசலோனிக்காவில் கஷ்டப்பட்டபோது ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக உதவி அனுப்பியது எந்தச் சபை? அதே பிலிப்பிச் சபை. அன்றைக்கு அவர் நின்றபடியே நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பியிருந்தால்?

இப்போது உங்களைக் கேட்கிறேன். பெண்கள் பக்கம் கேட்கிறேன். ஞாயிறு தவறாமல் உங்கள் பெஞ்சில் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்கிற அம்மாவின் பேர் என்ன? சமாதானம் சொல்லும்போது கைகூப்புகிறீர்களே, அவருடைய பேர் என்ன? "ஸ்டீபன் சார் சம்சாரம்." "அந்தோணி அம்மா." "மேட்டுத்தெரு மருமக." நான் பேரைக் கேட்டேன்.

ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் நம் ஊர் வழியாகத்தானே போகிறார்கள்? சென்னையிலிருந்து, புதுச்சேரியிலிருந்து, கடலூரிலிருந்து, காவி உடுத்திக்கொண்டு, காலெல்லாம் கொப்புளத்தோடு. இருபத்தொன்பதாம் தேதிக் கொடியேற்றத்துக்கு முந்தியும் பிந்தியும் ரோடு நிறைய ஜனம். நீங்கள் மோர் கொடுக்கிறீர்கள், தண்ணீர் கொடுக்கிறீர்கள், காலுக்குத் தைலம் தேய்த்து விடுகிறீர்கள். எவ்வளவு பெரிய புண்ணியம்! அப்போது என்ன கேட்கிறீர்கள்? "எந்த ஊரும்மா? பேர் என்ன? என்ன வேண்டுதல்?" மூன்று கேள்வி. அந்த அம்மா அழுதுகொண்டே மகளுக்கு வரன் அமையாததைச் சொல்கிறார். நீங்களும் அழுகிறீர்கள். வழிப்போக்கரிடம் இதைக் கேட்கத் தெரிந்த நமக்கு, பத்து வருடமாக ஒரே பெஞ்சில் இருக்கிறவரிடம் கேட்க ஏன் வாய் வரவில்லை?

இன்னொன்று சொல்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் கோயிலில் ஓலை வாசிக்கிறோம். மூன்று தடவை. இன்னாருடைய மகள் இன்னார் என்று அவள் பேரைப் பீடத்திலிருந்து ஊரறியச் சொல்கிறோம். அதற்கப்புறம் அந்தப் பேரைக் கோயிலில் எப்போது சத்தமாகச் சொல்கிறோம்? அடக்கப் பூசையில். நடுவில் நாற்பது வருடம், ஐம்பது வருடம். அத்தனை வருடமும் பீடத்துணி துவைத்தது யார்? மாதா சுரூபத்துக்குப் பூ கட்டியது யார்? நோயாளி வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனது யார்? எந்தப் பங்கின் திருவிழா நோட்டீசை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். நவநாள் உபயம் என்று போட்டு, கீழே வரிசையாக யார் பேர்? ஆண்கள் பேர். "குடும்பத்தினர்" என்று ஒரு வார்த்தை. அந்தக் குடும்பத்தினர்தான் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் அசனத்துக்கு வெங்காயம் உரித்தவர்கள்.

பவுல் இப்படி நோட்டீஸ் அடிக்கவில்லை. உரோமையர் பதினாறைப் படியுங்கள். வாழ்த்துப் பட்டியல்தானே என்று தாண்டிப் போய்விடுகிறோம். தாண்டாதீர்கள். பெபேயா, கெங்கிரேயாத் திருச்சபையின் தொண்டர். கெங்கிரேயா துறைமுக ஊர், நம்ம ஊர் மாதிரி. பிரிஸ்கா, கணவர் அக்கிலா பேருக்கு முன்னால் அவர் பேர். மரியா. யூனியா. திரிபேனா, திரிபோசா. பெர்சி. யூலியா. பேர் சொல்லாமல் விட்ட இரண்டு பேர் உண்டு: நேரேயுவின் சகோதரி, ரூபுவின் தாய். ஆனால் ரூபுவின் தாயைச் சொல்லும்போது, அவர் எனக்கும் தாய் என்கிறார். அந்த அம்மா எங்கேயோ ஒருநாள் பவுலுக்குச் சோறு போட்டிருக்க வேண்டும், பவுல் மறக்கவில்லை. ஆகப் பத்துப் பெண்கள். இதில் அதிசயம் என்ன தெரியுமா? இதை எழுதும்போது பவுல் உரோமைக்குப் போனதே கிடையாது! போகாத ஊரில் இருக்கிற அக்கா தங்கைகளை, யார் எவ்வளவு பாடுபட்டார் என்று கணக்கு வைத்திருக்கிறார். எப்படி? அங்கங்கே உட்கார்ந்து பேசியிருக்கிறார். என்ன செய்தார்? (மக்கள்: உட்கார்ந்தார்.) ஆ, அது.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்கால் என்றால் உலகத்தில் முதலில் எந்தப் பேர் வருகிறது? அம்மையார். புனிதவதி என்கிற அவருடைய பேர் நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் பிடிக்க ஓடாத வீடு இங்கே எது? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். (சிரிப்பு) சிவன் கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் நிற்க, அந்த அம்மா மட்டும் உட்கார்ந்திருப்பார். ஒரு பெண்ணை உட்காரவைத்து மரியாதை செய்த ஊர் இது. பக்கத்து வீட்டுச் சகோதரர்கள் ஒரு அம்மாவின் பேரை இத்தனை நூற்றாண்டு காப்பாற்றியிருக்கிறார்கள். நாம் நம் கோயிலைப் பெருக்குகிற அம்மாவின் பேரையாவது கேட்க வேண்டாமா?

நம் முன்னோரிலும் உட்கார்ந்து கேட்டவர்கள் உண்டு. 1844-ல் புதுச்சேரியில் குருக்கள் மன்றம் கூடியது. பெண்பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்று பேசினார்கள். எழுத்துப் படிக்கிற பெண்ணை ஊரே தப்பாகப் பேசிய காலம் அது. அதே வருடம் துய்புயி அடிகளார், முஸ்ஸே அடிகளாரோடு சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதி செய்தாரே அவர்தான், நம் தமிழ்ப் பெண்களைக் கொண்டே மரியின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையைத் தொடங்கினார். பிரான்சிலிருந்து வந்த ஒருவர் நம் வீட்டுப் பெண்ணால் என்ன முடியும் என்று கண்டுகொண்டார். நாம் கூடவே இருக்கிறோம்.

சரி, தம்பிகளுக்கு வருகிறேன். மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா? பவுல் திமொத்தேயுவுக்கு எழுதினாரே, முதல் திருமுகம், ஐந்தாம் அதிகாரம். வயதான பெண்களைத் தாயாக, இளம்பெண்களைத் தங்கையாக, தூய மனத்தோடு. வரிசையைக் கவனியுங்கள். முதலில் தாய். கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு தடுமாறுகிற பாட்டியின் கையைப் பிடிக்காத பையன், பாடகற்குழுப் பெண்ணிடம் மட்டும் "பாட்டு நல்லா இருந்துச்சு" என்று போய் நிற்கிறான் என்றால், அந்தப் பெண்ணுக்கு எல்லாம் புரியும்! பேசு. நாலு பேர் இருக்கிற இடத்தில், அன்பியத்தில், மறைக்கல்வி வகுப்பில், மரியாதையாகப் பேசு. அவள் என்ன படிக்கிறாள், எதற்காகச் செபிக்கிறாள் என்று கேள். அவள் பேச விரும்பவில்லை என்றால் விலகி வா. வீடு வரைக்கும் பின்னாலேயே போவது, எங்கிருந்தோ நம்பர் வாங்கி ராத்திரி மெசேஜ் அனுப்புவது, இதெல்லாம் பழக்கம் இல்லை, தொல்லை. அப்படிச் செய்கிறவனை நான் கண்டிப்பேன், கோயில் வாசலில் வைத்தே கண்டிப்பேன். ஒரு பெண் கோயிலுக்கு வரப் பயந்தால் அந்தப் பாவம் நம் எல்லார் தலையிலும்.

தாய்மார்கள் தலையாட்டுகிறீர்கள். உங்களுக்கும் இருக்கிறது. புது மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் என்ன கேட்கிறீர்கள்? "எத்தனை சவரன் போட்டாங்க? இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லையா?" அம்மா, அது விசாரணை. போலீஸ் ஸ்டேஷனில்கூட இப்படிக் கேட்கமாட்டார்கள். அந்தப் பிள்ளை அடுத்த வாரம் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறது. சமாரியப் பெண்ணுக்கு ஐந்து கணவர் என்பது ஆண்டவருக்குத் தெரியும். ஆனாலும் பேச்சை எதில் தொடங்கினார்? தண்ணீரில் தொடங்கினார். தனக்குத் தாகம் என்று தொடங்கினார். நீங்களும் அப்படித் தொடங்குங்கள். "எனக்கு இந்தச் செபம் படிக்கக் கண்ணு தெரியல, கொஞ்சம் வாசிச்சுக் காட்டும்மா" என்று கேளுங்கள்.

நம் ஊரில் இன்னொரு வகைத் தனிமை உண்டு. சொல்தா வீடுகள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள் வீடுகள். 1962-க்கு அப்புறம் பிரெஞ்சு நேஷனாலிட்டி எடுத்த குடும்பங்கள். பிள்ளைகள் பாரீசில், பேரப்பிள்ளைகள் பாரீசில். இங்கே பெரிய வீட்டில் ஒரு அம்மா மட்டும் தனியாக. பென்ஷன் வருகிறது, மாடியில் ரூம் இருக்கிறது, பேச ஆள் இல்லை. "அவங்களுக்கென்ன, பிரான்சு காசு" என்று நாம் தாண்டிப் போகிறோம். யோப்பாவில் தபித்தா இறந்தபோது, பேதுருவைச் சுற்றிக் கைம்பெண்கள் அழுதுகொண்டே நின்று, அவர் தைத்துக் கொடுத்த உடைகளைக் காட்டினார்களே! அவர் பணத்தோடு நிறுத்தவில்லை. ஒவ்வொருத்திக்கும் அளவு எடுத்துத் தைத்திருக்கிறார். அளவு எடுக்கப் பக்கத்தில் போக வேண்டும் அல்லவா? அந்த மாதிரி நம் அன்பியத்தில் யார் போகிறார்கள்? மாதக் கூட்டத்தை அந்த அம்மா வீட்டில் ஒருதடவை வையுங்கள். செபம் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். காபி குடிக்கிற வரைக்கும் உட்காருங்கள்.

மணி ஆகிவிட்டது, மணியடிக்கிற ஐயா என்னையே பார்க்கிறார். அன்பியப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேலை. உங்கள் அன்பியத்தில் இருக்கிற பெண்கள் அத்தனை பேரின் சொந்தப் பேரையும் எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுங்கள். இன்னார் மனைவி, இன்னார் தாய் என்று எழுதிய தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அடுத்த நோட்டீசில் பூ கட்டினவர், பெருக்கினவர், சமைத்தவர் என்று அந்தப் பேர்கள் வரவேண்டும். நோட்டீஸ் நாலு பக்கம் ஆனால் ஆகட்டும், அச்சுக் கூலிக்கு நான் பொறுப்பு.

இப்போது செபமாலை எடுங்கள். முதல் பத்து மணி தனியாக இருக்கிற தாய்மார்களுக்காக. பெண்கள் பக்கம் தொடங்கட்டும். மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள் தம்பி. கடைசி பெஞ்சு வரைக்கும் கொண்டுபோங்கள்.