மூச்சில் ஒலிக்கும் மந்திரமும் முன்னிற்கும் மனிதரும்

மனிதன் பிறந்தது முதல் இறப்பது வரை ஓயாமல் செய்யும் தொழில் ஒன்று உண்டு. அதற்கு விடுப்பு இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அதுவே மூச்சுவிடுதல். நிமிடத்திற்கு 15 மூச்சு என்று கொண்டு, நாளொன்றுக்கு 21,600 மூச்சு என நம் முன்னோர் கணக்கிட்டனர். அமைதியாக இருக்கும் ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார் என்று கூறும் இன்றைய மருத்துவமும் அக்கணக்கை மறுக்கவில்லை.

நடுவணரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகக் காலங்கழிப்பவன் யான். எதையும் பேரேட்டில் ஏற்றிப் பார்ப்பது என் பழக்கம். எட்டு மணி நேர அலுவலுக்கு 7,200 மூச்சு ஆகின்றது. அந்த 7,200 மூச்சுக்கும் அரசு ஊதியம் தருகிறது. அவற்றோடு இறைவன் திருப்பெயரை மௌனமாக இணைத்துக்கொண்டிருந்தால், அது பக்தியா, அன்றி முன்னிற்கும் மனிதருக்கு உரிய பொருளைக் களவாடுவதா? இவ்வினா என்னைச் சில ஆண்டுகளாகவே வருத்தி வருகிறது.

அசபை என்னும் மரபு

செபிக்காமலேயே நிகழும் செபத்தை 'அசபை' என்பர். மூச்சு உட்செல்லும்போது 'ஸோ' என்றும், வெளிவரும்போது 'ஹம்' என்றும் தானே ஒலிக்கிறது என்பது யோகியர் கொள்கை. திருமூலரின் திருமந்திரத்தில் நான்காம் தந்திரம் 'அசபை' என்னும் தலைப்போடுதான் தொடங்குகிறது. திருவாரூர்த் தியாகராசர் ஆடுவது அசபா நடனம். திருமாலின் மார்பில் எழுந்தருளி, அவர் விடும் மூச்சுக்கேற்ப எழுந்தும் தாழ்ந்தும் ஆடுகிறார் என்பது தலமரபு. 1907ஆம் ஆண்டு திருவண்ணாமலையில் காவ்யகண்ட கணபதி முனிவர் தவமாவது யாது என வினவியபோது, மந்திரத்தைச் சொல்லுங்கால் அதன் ஒலி எங்கிருந்து எழுகிறது என்று நோக்குக என இரமண மகரிஷி அறிவுறுத்தினார்.

இது நமக்கு மட்டும் உரிய செல்வமன்று. கீழைத் திருச்சபைத் துறவியர் இயேசுவின் பெயரை மூச்சோடு இணைத்தனர். சூஃபிகள் இறைநாமத்தை இணைத்தனர். 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் மருத்துவ இதழில் இத்தாலிய ஆய்வாளர் கட்டுரை ஒன்று வெளிவந்தது. செபமாலை மன்றாட்டையோ ஒரு மந்திரத்தையோ ஓதிய 23 பேருக்கும் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு என அமைதியுற்றதை அது காட்டியது. உடலுக்கு நன்று என்பதில் ஐயமில்லை. ஆயின் நம் வினா உடலைப் பற்றியதன்று, கடமையைப் பற்றியது.

ஒரு முற்பகல்

கழக்கூட்டத்தில் காலை வண்டி ஏறினால், வேளியும், 2024 முதல் திருவனந்தபுரம் வடக்கு என வழங்கும் கொச்சுவேளியும், பேட்டையும் கடந்து தம்பானூரை அடையலாம். கணினிப் பூங்காவுக்கு வரும் இளைஞர் இறங்க, நகரத்துக்குச் செல்வோர் ஏற, நிற்கவும் இடமில்லாத நெரிசல். அந்நெரிசலில்தான் யான் இப்பயிற்சியைத் தொடங்கினேன். மூச்சை அடக்குவதில்லை, நீட்டுவதில்லை. அது வந்தபடி வர, போனபடி போக, ஐந்தெழுத்தை அதன்மேல் வைப்பேன், ஓடும் நீரின்மேல் ஒரு பூவை வைப்பதுபோல. சில திங்களில் சினம் குறைந்தது, உறக்கம் வந்தது. பின்னர் அப்பயிற்சி வண்டியிலிருந்து இறங்கி, என்னோடு அலுவலகத்துக்கும் வந்தது.

ஒரு முற்பகல் கோப்பு ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, உள்ளே மந்திரம் இனிதாக ஓடிக்கொண்டிருக்க, என்னை மறந்திருந்தேன். "தம்பி, உடம்பு சரியில்லையா? மூணு தடவை கூப்பிட்டேனே" என்ற குரல் கேட்டு விழித்தேன். எதிரே முதிய அம்மையார் ஒருவர். கணவரை இழந்தவர், குடும்ப ஓய்வூதியத் தாள்களோடு பாறசாலையிலிருந்து பேருந்தில் வந்திருந்தார். தாள்களை வாங்கிச் சரிபார்த்து உள்ளே கொண்டுசென்றபோது, கையொப்பமிட வேண்டிய அதிகாரி வெளியூர்ப் பணிக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். அம்மையார் மீண்டும் திங்கட்கிழமை வர வேண்டியதாயிற்று. அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்திலர். "உடம்பைப் பாத்துக்கோங்க தம்பி" என்று சொல்லிச் சென்றார். அச்சொல் இன்றும் சுடுகிறது.

நண்பர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். "பதவி உயர்வு, வீட்டுக்கடன், மகள் திருமணம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தைவிடவா நீர் வீணாக்கினீர்?" என்றார் அவர். வாதம் சரியே. ஆயினும் என் மனம் அமைதியுறவில்லை. கவலை தன்னைக் கவலை என்றே சொல்லிக்கொள்கிறது. அதனைக் கண்டு நாம் வெட்கப்படலாம். செபமோ தன்னை அறம் என்று சொல்லிக்கொண்டு களவாடுகிறது. அறத்தின் உடை தரித்த களவைக் கண்டுபிடிப்பது அரிது.

அளவு தப்பாத செபம்

அப்போது என் தந்தையார் நினைவுக்கு வந்தார். நெல்லைச் சீமையில் மளிகைக்கடை ஒன்றில் கணக்கராக இருந்தவர் அவர். கூட்டம் மிகுந்தால் அரிசியும் அளப்பார். 'லாபம், ரெண்டு' என்று வாய் எண்ண, உள்ளே முருகன் பெயர் ஓடிக்கொண்டிருக்கும் என்பார். "இரண்டும் எப்படி முடியும், அப்பா?" என்று சிறுவயதில் கேட்டேன். "அளவு தப்பினால் செபமும் தப்பிவிட்டது என்று அர்த்தம்" என்றார். அன்று அது கடைக்காரர் சொல்லாகத் தோன்றியது. இன்று உரைகல்லாகத் தோன்றுகிறது.

இந்நகரத்திலேயே அதற்குப் பெரியதொரு சான்று உண்டு. தமிழகத்திலிருந்து இங்கு வந்த சுப்பராயர், தைக்காடு அய்யா சுவாமிகள் என உலகம் போற்றும் சிவராசயோகி, ஆங்கில ரெசிடென்சியில் மேலாளராகப் பணிபுரிந்தவர். மனைவி மக்களோடு வாழ்ந்த இல்லறத்தார். பகலில் அலுவற்பொறுப்பு, எஞ்சிய பொழுதில் யோகம் பயிற்றுவித்தல். சட்டம்பி சுவாமிகளும், நம் கழக்கூட்டத்தை அடுத்த செம்பழந்தியில் தோன்றிய நாராயண குருவும் அவரிடம் யோகம் பயின்றனர். சாதிக் கொடுமை மிகுந்த அந்நாளில், எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உணவளித்தார் அவர். 1909இல் மறைந்த அவரது சமாதி தைக்காட்டில் கோயிலாக விளங்குகிறது. மூச்சை உள்நோக்கித் திருப்பிய அப்பெரியாரின் கண் எதிரில் நிற்பவரைக் காண மறுக்கவில்லை; பிறர் காண மறுத்தவரையும் அது கண்டது. நாராயண குருவும் தனிமையில் தவமிருந்து, 1888இல் அருவிப்புரத்தில் சிவலிங்கம் நாட்டியபோது, கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்க்காகவே நாட்டினார்.

முடிவுரை

ஆதலின் யான் கண்ட விடை இது. மந்திரம் காதை அடைக்குமாயின் அது மயக்கம். காதைத் திறக்குமாயின் அது தியானம். காத்திருக்கும் பொழுதும், நடக்கும் பொழுதும், கோப்புக்கும் கோப்புக்கும் இடையே உள்ள பொழுதும் மந்திரத்துக்கு உரியவை. ஒருவர் வந்து முன்னே நின்றாலோ சொற்களை விட்டுவிடுகிறேன். மூச்சு மட்டும் நிற்காமல் ஓடுகிறது. செபிக்காமலே நிகழ்வதுதானே அசபை? அந்நேரத்துக்கு வந்தவர் சொல்லே மந்திரம். அவர் சென்றபின் ஐந்தெழுத்து தானே திரும்பி வருகிறது, கோபித்துக்கொள்வதில்லை.

பிறந்த மண்ணை விட்டு வந்த நாம், பிள்ளைகளுக்கு எதை விட்டுச்செல்வோம் என்று கலங்குகிறோம். அவர்கள் பள்ளியில் படிப்பது பிறமொழி. தமிழைக் கற்பிப்போம்; அது நம் கடன். அதனோடு, மூச்சில் ஒரு திருப்பெயரை வைக்கவும், அழைப்பவர் குரலுக்கு அதனை இறக்கிவைக்கவும் கற்பிப்போம்.

அந்தத் திங்கட்கிழமை அம்மையார் வந்தார். இம்முறை ஒரே அழைப்பில் எழுந்தேன்.