முன் நிற்றல்

பிறருக்காகப் பேசும் உரிமை எழுத்தாளனுக்கு எங்கிருந்து வருகிறது? நம்மிடையே இது எப்போதும் கட்சிக் கேள்வியாக எழுந்து கட்சிப் பதிலாக முடிந்துவிடுகிறது. எழுத்தாளன் மக்களின் குரல் என்கிறார்கள் ஒரு சாரார். அவன் தனக்காக மட்டுமே பேச முடியும் என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டிலும் எனக்குத் திருப்தி இல்லை. சில பழைய ஆங்கிலச் சொற்களின் வழியாக இதை அணுகிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன் இருந்த ஆங்கிலத்தில் ‘ஃப்ரண்ட்’ என்ற சொல் கிடையாது. பின்னால் பிரெஞ்சு வழியாக வந்தது அது. லத்தீன் மூலத்தில் அதற்கு நெற்றி என்று பொருள். நெற்றியிலிருந்து கட்டடத்தின் முகப்பு, போர்முனை, அரசியல் அணி, கடைசியில் உள்ளே நடப்பதை மறைக்க வைத்த பொய்முகம் என்று அதன் பொருள் பரவியது. எல்லாப் பொருளிலும் ஒரு பரப்பு இருக்கிறது. பார்ப்பவனுக்குக் காட்டப்படும் பரப்பு.

பழைய சொற்கள் வேறு மாதிரி. ‘ஃபோர்’ என்ற சிறு சொல்லுக்கு ஒருவர் எதிரில் என்றும் பொருள், ஒரு காலத்துக்கு முன்பு என்றும் பொருள், ஒருவர் பொருட்டு என்றும் பொருள். ஒருவர் முன்னால் நிற்பதும் ஒருவருக்காக நிற்பதும் அந்த மொழியில் ஒரே வேரில் இருந்தன. இன்றைய ஆங்கிலத்தில் அவை தனித்தனிச் சொற்களாகப் பிரிந்துவிட்டன. ‘ஆண்ட்’ என்ற முன்னொட்டுக்கு எதிர் என்று அர்த்தம். ‘ஆண்ட்வேர்ட்’ என்றால் எதிரே திரும்பியிருப்பவன். ‘இங்கே இருப்பவன்’ என்பதற்கு அதுதான் சொல். ‘ஆண்ட்ஸ்வாரு’ என்றால் எதிர்நின்று செய்யும் சத்தியம். இன்று ஆங்கிலத்தில் பதிலைக் குறிக்கும் ‘ஆன்ஸர்’ அதிலிருந்து வந்ததுதான். முன் என்பது இங்கே பரப்பு அல்ல, உறவு. இருப்பது என்றால் ஒருவர் எதிரில் இருப்பது. பதில் என்றால் அப்படி நின்று பிணைப்படுவது.

சொல்லின் வேரைத் தோண்டி அறத்தை எடுத்துவிடலாம் என்று நான் நம்பவில்லை. இந்தச் சொற்களைப் பேசிய சமூகத்தில் சத்தியத்துக்கு விலை இருந்தது. மெர்சிய வழக்கப்படி, உயர்குடியான ‘தேன்’ ஒருவனின் சத்தியம் ஆறு சாதாரணக் குடியானவர்களின் சத்தியத்துக்குச் சமம். கையெழுத்துக்குக் கையெழுத்து மதிப்பு மாறுவதைத் தினமும் கவுண்ட்டரில் பார்க்கும் எனக்கு இது ஆச்சரியமாகப் படவில்லை. மூலப்பொருள் எதையும் நிரூபிப்பதில்லை. கேள்வியைச் சரியாகக் கேட்க மட்டும் உதவலாம்.

எனக்கு உதவிய சொல் ‘ஃபோர்ஸ்பெக்கா’. முன்நின்று பேசுபவன், ஒருவர் பொருட்டுப் பேசுபவன். 939 முதல் 946 வரை ஆண்ட எட்மண்ட் மன்னனின் சட்டம் ஒன்றில் இவன் வருகிறான். கொலைக்குக் கொலை என்று குடும்பங்கள் பழிதீர்த்துக்கொண்டிருந்ததைக் கட்டுப்படுத்த வந்த சட்டம் அது. கொன்றவன் நேரே போய் நின்றால் செத்தவனின் உறவினர் அவனை வெட்டிவிடுவார்கள். ஆகவே, ஈடு செய்வேன் என்று அவன் முதலில் தன் ஃபோர்ஸ்பெக்காவிடம் வாக்குக் கொடுக்கிறான். ஃபோர்ஸ்பெக்கா அந்த வாக்கை உறவினரிடம் கொண்டுபோகிறான். அடுத்து, கொன்றவன் பத்திரமாக வரலாம் என்ற வாக்கை உறவினரிடமிருந்து இவன் பெற வேண்டும். அதன் பிறகு கொன்றவனே வந்து, உயிர்விலையைத் தருவதாகத் தானே உறுதி சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசிப் படிதான் முக்கியம். பேசுபவன் கொன்றவனின் இடத்தை எடுத்துக்கொள்வதில்லை. யாருக்காகப் பேசுகிறானோ அவன் தானே வந்து நிற்க ஓர் இடத்தை உண்டாக்குகிறான். அந்த இடம் உண்டானதும் இவன் வேலை முடிந்துவிடுகிறது.

1936இல் பிரான்சில் மக்கள் முன்னணி தேர்தலில் வென்றது. அதே ஆண்டு லக்னோவில் அகில இந்திய முற்போக்கு எழுத்தாளர்களின் முதல் மாநாடு கூடியது. ‘ஃப்ரண்ட்’ என்ற சொல்லின் போர்முனைப் பொருள் அதற்குப் பிறகு இலக்கியப் பேச்சிலும் நிலைத்துவிட்டது. முன்னணி என்றாலே, பின்னால் ஒரு கூட்டம் இருக்கிறது என்றாகிறது. அந்தக் கூட்டம் ஒருநாள் தானே முன்னால் வந்து, எங்களைப் பற்றி நீ சொன்னது தவறு என்று சொல்லும் என்ற எதிர்பார்ப்பு நம் எழுத்தில் எங்கே இருக்கிறது? தனக்காக மட்டுமே எழுதுகிறேன் என்பவனும் இதிலிருந்து தப்பவில்லை. அவன் எதிரில் யாருமே இல்லை. அவனைப் பதில் கேட்க ஆளில்லை.

தமிழ் இலக்கணம் எதிரே இருப்பவனை முன்னிலை என்கிறது, இல்லாதவனைப் படர்க்கை என்கிறது. ‘மக்கள்’ நம் கதைகளிலும் கட்டுரைகளிலும் நிரந்தரமான படர்க்கை. அவர்களைப் பற்றிப் பேசுகிறோம், அவர்களுக்காகப் பேசுகிறோம். அவர்கள் முன்னிலைக்கு வரும்படி பேசுவதில்லை. பிறருக்காகப் பேசும் உரிமை என்று ஒன்று இருந்தால், படர்க்கையை முன்னிலையாக்க முயல்பவனுக்கே அது உண்டு என்று நினைக்கிறேன்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. எட்மண்டின் சட்டத்தில் கொன்றவன் கடைசியில் வந்து நிற்கிறான், உறவினர்களும் நிற்கிறார்கள். கொலையுண்டவன் மட்டும் ஒரு தொகையாக இருக்கிறான். அவனுக்காக எந்த ஃபோர்ஸ்பெக்கா பேசினாலும் அவன் வரப்போவதில்லை. எழுத்து யாருக்காகவெல்லாம் பேச நேர்கிறதோ அவர்களில் பலர் இப்படி வர முடியாதவர்கள். அவர்களைப் பற்றி எழுதுபவன் தன் வேலை முடிந்தது என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவர்கள் நின்றிருக்க வேண்டிய இடத்தில் தான் போய் நின்றுகொள்ளாமல் இருப்பதுதான் அவன் செய்யக்கூடியது.