பற்றும் பொறுப்பும்: கல்லூரி விடுதியில் பிள்ளை, வீட்டில் பெற்றோர்

பிள்ளை பல்கலைக்கழக விடுதியில் சேரும்போது பெற்றோர் முன் ஒரு பழைய கேள்வி எழுகிறது: அன்பு எந்த இடத்தில் பற்றாக மாறுகிறது?

திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரம், கற்றோர் அவையில் முந்தியிருக்கும்படி மகனை ஆக்குவதைத் தந்தை செய்யும் நன்மையாகச் சொல்கிறது. அந்த அவை வீட்டுக்கு வெளியே இருப்பது. எனவே அனுப்பிவைப்பதும் வளர்ப்பின் பகுதியே. கலித்தொகையின் 9ஆம் பாடல் இன்னும் ஆழமாகச் செல்கிறது. தலைவனுடன் போய்விட்ட மகளைத் தேடிவரும் செவிலித்தாயிடம், மலையில் பிறந்த சந்தனம் மலைக்குப் பயன்படுவதில்லை என்று வழியில் கண்ட அந்தணர்கள் எடுத்துரைக்கின்றனர். கடமை செய்பவருக்கு உண்டு, பலன்மேல் உரிமை இல்லை என்ற பகவத் கீதையின் நெறியும் இதையே வேறு வழியில் உணர்த்துகிறது.

நடைமுறையில் இது எளிதன்று. பக்கெட், பூட்டு, ஊறுகாய் பாட்டில் எல்லாம் அறையில் வைத்துத் திரும்பிய தாய், இரவுதோறும் அலைபேசியில் "சாப்பிட்டியா?" என்று கேட்கிறாள். சில வாரங்களில் பதில்கள் சுருங்குகின்றன. பெரும்பாலும் அது பாசக் குறைவன்று. நண்பர்களும் வகுப்பும் பழகிவிட்டதன் அடையாளம்.

பற்றை விடுவது பொறுப்பை விடுவதாகாது. ராகிங்கைத் தடுக்கத் தமிழ்நாடு 1997இல் தனிச்சட்டமே இயற்றியது. பிள்ளையின் குரலில் அச்சம் தெரிந்தால் பெற்றோர் தலையிட்டே ஆகவேண்டும். மற்ற நேரங்களில் பிள்ளையின் முடிவுகளைப் பிள்ளையிடமே விடுவதுதான் முதிர்ந்த அன்பு.