கம்பளிப் பொம்மை

போன ரமலானில் என் மகள் முதல் நோன்பு பிடித்தாள். ஏழு வயது. யாரும் சொல்லவில்லை, ஸஹருக்குத் தானே எழுந்துவந்து உட்கார்ந்துவிட்டாள். லுஹர் வரை வீட்டைப் பெருமையாகச் சுற்றிவந்தவள், அஸருக்கு மேல் பாயில் சுருண்டுகொண்டு பாங்குக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்க ஆரம்பித்தாள். பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி வந்து இறங்கியதும் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "திறந்துடு தங்கம், அரை நோன்பு போதும்" என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

என் உம்மா தையல் பெட்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய காலுறை ஒன்று, தலையணையிலிருந்து உருவிய பஞ்சு, இரண்டு சட்டைப் பொத்தான். "எனக்குக் கண்ணு தெரியல, ஊசில நூல் கோத்துக் குடு." மூன்றாம் முறையில் நூல் நுழைந்தது. பொத்தான்களை அவளே தைத்தாள், ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. பூனையா முயலா என்று இருவருக்கும் வழக்கு. மஃரிப் பாங்கு கேட்டபோது வால் மட்டும்தான் பாக்கி. பேரீச்சம்பழத்தை வாயில் அடக்கிக்கொண்டே அதையும் தைத்து முடித்தாள்.

மதீனாவின் அன்ஸாரிப் பெண்மணி ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் சொன்ன ஒரு செய்தி புகாரியில் இருக்கிறது. ஆஷூரா நாளில் தாங்களும் நோன்பு வைத்துப் பிள்ளைகளையும் வைக்கச் செய்வார்கள். அவர்களுக்கென்று கம்பளியில் விளையாட்டுப் பொருள் செய்துவைப்பார்கள். பசித்து அழும் பிள்ளையிடம் அதைக் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை சமாளிப்பார்கள். பல முறை படித்ததுதான். அந்த மாலைக்குப் பிறகே எனக்கு உறைத்தது: அந்தக் கம்பளிப் பொம்மை எதையும் ஓதிக்காட்டவில்லை, எந்தப் பாடமும் நடத்தவில்லை. பிள்ளை ஒன்றுக்கு முயன்றுகொண்டிருந்தது, பொம்மை அதற்குத் துணையிருந்தது.

அந்த ரமலானுக்கு முந்தின வருடம் நான் செய்தது வேறு. சுவரில் அட்டவணை ஒட்டி, ஒவ்வொரு வக்துக்கும் ஒரு நட்சத்திரம் என்றேன். முதல் வாரம் ஐந்து வேளையும் முஸல்லாவில் நின்றாள். பிறகு பார்த்தால், ஸலாம் கொடுத்த கையோடு சுவருக்கு ஓடுகிறாள். நட்சத்திரத் தாள் தீர்ந்த அன்று தொழுகையும் நின்றது. அவளைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. கூலி பேசியது நான்தானே. பொத்தானை அமுக்கினால் சூரா ஓதும் பொம்மைகளையும் ஹஜ்ஜின் வழியைக் கட்டம் கட்டமாக வரைந்த அட்டை ஆட்டங்களையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றில் சில அவளுக்கு உயிர். ஆனால் விளையாட்டுக்குள் பாடத்தை ஒளித்துவைத்தால் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுகிறார்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே துணியால் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். சுலைமான் நபியிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று பதில் வந்தது. கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார்கள் நாயகம். அபூதாவூதில் வரும் இந்தச் செய்தி அந்தச் சிரிப்போடு முடிந்துவிடுகிறது. யாரோ சொல்லக் கேட்ட நபிமார் கதை தானாகவே பொம்மைக்கு இறக்கையாக வந்து ஒட்டியிருக்கிறது. அதை விளக்கவோ திருத்தவோ யாரும் உட்காரவில்லை.

தொழுகையில் பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டபோதும், அதுவாக இறங்கட்டும் என்று ஸஜ்தாவை நீட்டியவர்கள் நாயகம் அவர்கள். பின்வரிசையில் சிரிக்கும் பையன்களை அதட்டி வெளியே அனுப்பும்போது இதை எப்படி மறக்கிறோம்? அப்படி அனுப்பப்பட்ட ஒருவன் வளர்ந்து, பெருநாளைக்கு மட்டும் பள்ளிக்குப் போகிறவனாக எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறான்.

இப்போது சுவரில் அட்டவணை இல்லை. நான் முஸல்லா விரித்தால் சில நாள் வந்து நிற்பாள், சில நாள் வரமாட்டாள். நேற்று மஃரிபுக்கு வந்தாள். என் முஸல்லாவின் ஓரத்தில் கைக்குட்டையைக் கிப்லா பார்த்து விரித்து, காலுறைப் பொம்மையை அதன்மேல் நிறுத்தினாள். அது நிற்காமல் குப்புற விழுந்தது. தொழுது முடித்ததும் எடுத்து நிறுத்தப் போனேன்.

"எழுப்பாதீங்கம்மா. அது ஸஜ்தாவுல இருக்கு."