உப்பங்கழிக் கணக்கும் கொல்லாமைக் கணக்கும்

கொல்லாமை நமக்கு வழிவழியாகப் பழகிய அறம். பழகிய காரணத்தினாலேயே அதன்மேல் எழும் வினாக்களை நாம் பெரும்பாலும் எதிர்கொள்வதில்லை. விடை கூறும் பொறுப்பை முனிவர்களிடமும் ஆகமங்களிடமும் ஒப்படைத்துவிட்டு, இரவுணவு நீக்கி, நீர் வடிகட்டி, அமைதியாக இருந்துவிடுகிறோம். இன்றைய நம் பிள்ளைகள் அவ்வாறு இருப்பதில்லை. வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களை விட்டுக் கணினித் தொழில் நாடிப் புறப்பட்டு, படூர், சிறுசேரி, கேளம்பாக்கம் எனப் பழைய மாமல்லபுரம் சாலையோரம் குடியேறியுள்ள இளந்தலைமுறையினர், விடுமுறை நாள்களில் கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் செல்லும் சாலையில் நின்று உப்பங்கழியைக் காண்கின்றனர். கண்டபின் கேட்கின்றனர்.

அவர்கள் காண்பது இது. பூநாரை சேற்றுநீரை அலகினால் அலசி நுண்ணுயிர்களை வடித்து உண்கிறது. உள்ளான் சேற்றுப் புழுவைக் குத்தி எடுக்கிறது. மடவை மீன் பாசியையும் மட்கையும் மேய்கிறது. மடவையைக் கொடுவா விழுங்குகிறது. கொடுவாவையும் விடாமல் மேலிருந்து பாய்ந்து பற்றும் பருந்தினம் உண்டு. "ஒன்றை ஒன்று தின்பதனால்தான் இக்கழி வாழ்கிறது. தின்னப்பட்டது எதுவும் வீணாவதில்லை; எச்சமாகி, மட்காகி, பாசியாகித் திரும்பி வருகிறது. எல்லாம் சுழற்சிதான் என்றால் கொலை எங்கே இருக்கிறது? கொல்லாமை இயற்கைக்குப் புறம்பான நோன்பு அன்றோ?" என்பது அவர்தம் வினா.

இவ்வினாவில் அவமதிப்பு ஏதும் இல்லை. ஆயினும் சுழற்சி என்னும் ஒரு சொல்லின்மேல் அது பெரும்பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறது. அந்தச் சொல் அதைத் தாங்குமா என்பதை அறிவியலார் எழுதிவைத்துள்ள கணக்கைக் கொண்டே பார்க்கலாம்.

எந்த உயிர் எதைத் தின்கிறது என்று பட்டியல் இடுவதோடு நில்லாமல், தின்றதில் எவ்வளவு ஆற்றல் கைமாறிற்று என்று வரவு செலவு எழுத முடியும் எனக் காட்டியவர் ரேமண்ட் லிண்டமன் என்னும் அமெரிக்க இளைஞர். மின்னசோட்டா மாநிலத்தில் சீடர் பாக் என்னும் சிற்றேரியை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1942இல் வெளிவந்தது. அது அச்சேறுவதற்கு முன்பே, 27 வயது நிறையாமல், அவர் மறைந்துவிட்டார். அவர் வகுத்த நெறியில் ஹோவார்ட் ஓடம் என்பவர் புளோரிடாவின் ஸில்வர் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊற்றுநீர்நிலையை அளந்து 1957இல் வெளியிட்ட கணக்கு இன்றளவும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. நம் வணிகப் பெருமக்கள் அதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். பேரேடு எழுதும் கைக்கு அது பிடிக்கும்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஓராண்டில் அங்குள்ள பசுந்தாவரங்கள் கதிரவனிடமிருந்து பெற்று உருவாக்கிய ஆற்றல் 20,810 கிலோ கலோரி. இதில் பாதிக்குமேல், அதாவது 11,977, அத்தாவரங்கள் தாம் உயிர்த்திருப்பதற்கே செலவாகிவிட்டது. தாவரத்தை உண்ணும் உயிர்களுக்குச் சென்றது 3,368. அவற்றை உண்ணும் உயிர்களுக்கு 383. எல்லாவற்றுக்கும் உச்சியில் உள்ள ஊனுண்ணிகளுக்கு 21. இறந்த உடல்களையும் எச்சங்களையும் சிதைக்கும் நுண்ணுயிர்கள் கொண்டது 5,060. காணவந்தோர் மீன்களுக்கு எறிந்த ரொட்டியும்கூடக் கணக்கில் விடுபடவில்லை. அது 486 கிலோ கலோரி வெளிவரவு. ஆக மொத்த வரவு 21,296. செலவுப் பக்கத்தில், நீரோட்டத்தோடு கீழே சென்றது 2,500. மீதமுள்ள 18,796 வெப்பமாக வெளியேறிற்று. இரு பக்கமும் ஒத்துவிட்டன.

ஒத்த அந்தக் கணக்கில் நாம் நோக்கவேண்டியது கடைசித் தொகையை. நூற்றில் 88 பங்கு வெப்பமாகப் போனது, போனது திரும்பவில்லை. மறுநாள் கதிரவன் புதிதாகக் கொடுத்தாலன்றி அந்நீர்நிலை நடவாது. தழைச்சத்தும் மணிச்சத்தும் மட்கின் வழியே பாசிக்குத் திரும்புகின்றன என்பது உண்மை. எனவே பொருள் சுழல்கிறது, ஆற்றல் சுழல்வதில்லை. சுழற்சி என்ற சொல் கணக்கின் ஒரு பகுதிக்கே பொருந்தும்.

இந்தக் கணக்கு தொடாத ஒன்றும் உண்டு. மடவையின் உடற்பொருள் கொடுவாவின் உடற்பொருள் ஆகலாம். மடவையாக இருந்து அஞ்சித் துடித்த உயிர் கொடுவாவின் உயிர் ஆவதில்லை. அது தன் வினையோடு தன் வழியே செல்கிறது என்பதே நம் தரிசனம். ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு என்று நம் தமிழ்ச் சமணச் சான்றோர் பெயரிட்டவையும் வரவையும் தடுப்பையும் கழிவையும் குறிக்கும் கணக்குச் சொற்களே. ஆனால் அந்தப் பேரேடு உயிர்தோறும் தனி. ஒருவர் பற்றை மற்றொருவர் வரவில் வைத்து நேர்செய்ய அதில் இடமில்லை. "மொத்தத்தில் ஒன்றும் குறையவில்லை" என்று கூறுவோர் எல்லா ஏடுகளையும் ஒன்றாகக் கட்டிக் கூட்டுகின்றனர். குறைந்தது எந்த ஏட்டில் என்பதே நம் வினா.

இவ்விரு கணக்குகளும் எவ்வளவு தூரம் விலகக்கூடும் என்பதற்கு நம் மூத்தோர் சொல்லும் ஒரு மீன் கதையே போதும். பெருங்கடலில் ஒரு மாமச்சம். அதன் செவியில் அரிசியளவே உள்ள சிறுமீன். மாமச்சம் வாய் திறந்து உறங்க, எண்ணற்ற மீன்கள் அவ்வாயினுள் புகுந்து வெளியேறுகின்றன. "இவ்வளவு பெரிய வாய் எனக்கு இருந்தால் ஒன்றையும் தப்பவிடேன்" என்று சிறுமீன் எண்ணிக்கொண்டே இருக்கிறது. ஒரு மீனையும் அது தின்றதில்லை. எனினும் மாநரகம் புகுந்தது. பொன்னூர் மலையோடு நாம் இணைத்துப் போற்றும் ஆசாரியர் குந்தகுந்தர் தம் பாவபாஹுடத்தில் இம்மீனை நினைவுகூர்கிறார். ஓடம் அவர்களின் ஏட்டில் இம்மீனின் பெயரில் எழுதத்தக்கது ஏறக்குறைய ஒன்றுமில்லை. நம் ஏட்டிலோ அதன் பக்கம் நிரம்பி வழிகிறது.

ஆகவே நம்மவர் சிலர் அண்மைக்காலமாக மேடைகளில் எடுத்தாளும் ஒரு வாதத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பத்தில் ஒரு பங்களவே ஆற்றல் செல்கிறது. எனவே புலால் உண்போர் பன்மடங்கு நிலமும் நீரும் செலவிடுகின்றனர். எனவே மரக்கறியே சிறந்தது என்பது அவ்வாதம். உண்மைதான், உலகுக்கு எடுத்துரைக்கவும் தக்கதே. ஆனால் நம் விரதத்தை இதன்மேல் கட்டலாகாது. நாளை மிகச் சிறு செலவில் புலால் ஆக்கும் முறை ஒன்று வந்தால் விரதம் தளர்ந்துவிடுமா? மேலும் இவ்வாதம் நம் அடுக்களையையும் சும்மா விடாது. பசு தழையுண்ணி. பாலும் நெய்யும் இரண்டாம் படியில் நிற்பவை. வேர்க்கடலையைவிட அவை செலவு மிக்கவை. நெய் மணக்கும் விருந்து படைத்துவிட்டு ஆற்றல் சிக்கனத்தைப் பற்றிப் பேசுவது அவ்வளவு பொருத்தமாக இல்லை.

இதனால் எண்ணம் தூயதாயின் போதும், கழியின் கணக்கை நாம் பார்க்கவேண்டியதில்லை என்று கொண்டுவிடக் கூடாது. ஹிம்சைக்கு இலக்கணம் கூறிய உமாஸ்வாமி, சோர்வோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு நேர்வதையும் அதனுள் அடக்கினார். பிரமாதம் எனப்படும் அந்தச் சோர்வு, நினையாமை, பாராமை ஆகியவை வாழும் இடம் எது என்பதைத்தான் கழியின் கணக்கு நமக்குக் காட்டித் தருகிறது.

சென்னையின் தென்புறத்து மழைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு வழியாகவும் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகவும் முட்டுக்காட்டுக் கழிமுகம் சேர்ந்து கடலில் கலக்கிறது. மழைநீரோடு நகரத்தின் சாக்கடைநீரும் வருகிறது. அதில் சத்து மிகுதி. சத்து மிகுந்தால் பாசி மண்டுகிறது. மண்டிய பாசி இறந்து மட்கும்போது நீரில் கரைந்த உயிர்வளி செலவழிந்துவிடுகிறது. உயிர்வளி குன்றினால் மீன்கள் மடிகின்றன. மடிந்த மீன்களும் மட்கி எஞ்சிய உயிர்வளியையும் உண்கின்றன. விளைவே காரணத்தை வளர்க்கும் இத்தகைய சுழலைப் பின்னூட்டம் என்பர். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் கடல்நீர் வந்து இதைக் கழுவிவிடும் வாய்ப்பும் குறைகிறது. அச்சாக்கடையில் மரக்கறி மட்டுமே சமைக்கும் இல்லங்களின் பங்கும் உண்டு. சோப்புத்தூளுக்குச் சைவம் அசைவம் என்ற பாகுபாடு தெரியாது. இங்கே மடியும் ஆயிரமாயிரம் ஐம்பொறி உயிர்களைக் கொல்லவேண்டும் என்று எவரும் சங்கல்பம் செய்யவில்லை. எவரும் பார்க்கவும் இல்லை.

இதே செங்கற்பட்டு மாவட்டத்தில் எதிர்த் திசையில் சுழலும் சுழல் ஒன்றும் உண்டு. வேடந்தாங்கல் ஏரி மரங்களில் தங்கும் பறவைகளின் எச்சம் நீரில் கலந்து வயலுக்கு உரமாவதைக் கண்ட உழவர்கள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பறவைகளைச் சுடலாகாது என்று ஆங்கிலேயக் கலெக்டர் லயனெல் பிளேஸிடம் உறுதி பெற்றனர். தம் விளைச்சலுக்காகச் செய்தனர் என்று சிலர் குறை காணலாம். நாம் காணவில்லை. பறவையைச் சுடும் துப்பாக்கிக்கும் தம் நெல்லுக்கும் உள்ள தொடர்பை அவர்கள் பார்த்தார்கள் என்பதே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இப்போது கேளம்பாக்கத்துக்குத் தெற்கே எழுந்துள்ள ஒரு செய்தியை நோக்குவோம். 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தமிழக அரசு வெளியிட்ட நிதிநிலை அறிக்கையில், திருப்போரூரை அடுத்துக் கோவளம் உபவடிநிலத்தில் சென்னைக்கான ஆறாவது நீர்த்தேக்கம் அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 3,000 ஏக்கர் பரப்பு, 1.6 டி.எம்.சி. கொள்ளளவு, நாளொன்றுக்கு 17 கோடி லிட்டர் குடிநீர். உவர்நீரும் மழைவெள்ளமும் மாறி மாறிப் பரவும் கழிவெளி நன்னீர்த் தேக்கமானால் இறாலும் நண்டும் மடவையும் என்னவாகும் என்று மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் கவலை தெரிவித்தனர்.

2019இன் கோடையில் சென்னை பட்ட தாகத்தை நேரில் கண்ட நாம் குடிநீருக்கு எதிராகப் பேசமாட்டோம். இல்லறத்தார்க்குச் சங்கல்ப ஹிம்சை ஒன்றே முற்றாக விலக்கு. வாழ்க்கை நடத்துவதில் நேரும் ஆரம்ப ஹிம்சை முற்றாக விலக்க இயலாதது என்று ஆசாரியர்கள் இரங்கி வகுத்துள்ளனர். இயலாதது என்றார்களே தவிர, கணக்கில் எழுதவேண்டாம் என்று சொல்லவில்லை. நீர் வடிகட்டும் நம் வழக்கத்தையே பாருங்கள். வடித்தபின் துணியில் தங்கியவற்றைக் கீழே உதறிவிடலாகாது. எந்தக் கிணற்றில் நீர் எடுத்தோமோ அதே கிணற்றில் அவற்றை மெல்ல விடவேண்டும். வடநாட்டுச் சமணர் இதை ஜீவானி என்பர். உவர்க் கிணற்றின் உயிரை நன்னீர்க் கிணற்றில் விட்டால் அது மடியும் என்பதால் அங்கே துணியும் தனித்தனி. ஒரு குடம் நீருக்கு இவ்வளவு பார்த்த சமூகம் 3,000 ஏக்கரைப் பார்க்காமல் இருப்பது எவ்வாறு? ஓதநீர் வந்து செல்ல வழி விடப்படுமா, கழிவெளியில் எந்தப் பகுதி உவராகவே எஞ்சும் என்று கேட்டு எழுதுவது நம் சங்கங்கள் செய்யத்தக்க பணி. குழாய்கள் நம் பிள்ளைகள் வாழும் குடியிருப்புகளுக்கும் வரக்கூடியவை அல்லவா?

17 கோடி லிட்டர் என்பது, நகர மக்களுக்கு அரசு வகுத்துள்ள ஆளுக்கு 135 லிட்டர் என்னும் அளவின்படி, ஏறக்குறைய 12½ லட்சம் பேரின் ஒருநாள் தேவை. அந்த 135 லிட்டரில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆவது மிகச் சிறு பகுதி. போகோபபோக பரிமாண விரதத்தில் நாம் அணிகலனுக்கும் ஆடைக்கும் பண்டங்களுக்கும் அளவு வைக்கிறோம். நீராடும் நீருக்கு அளவு வைப்பவர் அரியர். வரும் தசலட்சண நாள்களில் அந்த அளவையும் வைக்கலாம். எத்தனை லிட்டர் என்பதை ஒவ்வோர் இல்லமும் தன் செலவைப் பார்த்துத் தானே முடிவு செய்யவேண்டும். அடுக்குமாடிகளில் வாழ்வோர், தரைத்தளத் தொட்டிக்கு நாளைக்கு எத்தனை லாரி தண்ணீர் வருகிறது என்று முதலில் காவலாளியிடம் கேட்டறியலாம்.